காஞ்சியில் திரும்பிய கால்கள்

 

முசரவாக்கத்தில் கூடும் அவைக்குக் காஞ்சியைப் பற்றிப் புதிதாக ஒன்று கூறுதல் எளிதன்று. கோயில்களையும் தறிகளையும் அன்றாடம் கண்டு வாழ்வோர்க்கு அவற்றின் பெருமையை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆகவே இவ்வுரை காஞ்சியில் வாழ்ந்தவரை விடுத்து, காஞ்சிக்கு வந்து, எண்ணிவந்தது நிறைவேறாமல், வழித்துணை ஒன்றைப் பெற்றுத் திரும்பிய ஒருவரைப் பற்றியது. அவர் சீனத்துப் பேரறிஞர் யுவான் சுவாங். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' புதினத்தில் ஒரு பாத்திரமாக உலவுவதால் அப்பெயர் தமிழர்க்குப் பழகிய பெயரே. எனினும் காஞ்சியில் அவருக்கு நேர்ந்தது யாது என்பது அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை.

அவரது பயணத்தை அறிய இரண்டு நூல்கள் உள்ளன. ஒன்று, நாடு திரும்பிய மறு ஆண்டாகிய 646-இல் பேரரசரின் விருப்பத்தின்படி உருவான 'மேலை நாடுகள் பற்றிய பதிவேடு'. மற்றொன்று, அவர்தம் மாணாக்கர் ஹுய்லி எழுதத் தொடங்கி, யென்த்சொங் என்பார் நிறைவு செய்த வாழ்க்கை வரலாறு. முன்னது நாடுகளின் அளவையும் விளைவையும் விகாரங்களின் தொகையையும் முறையாகச் சொல்வது. பின்னது மனிதரைக் காட்டுவது. காஞ்சி நிகழ்ச்சியைப் பொறுத்தவரை பின்னதே நமக்கு உற்ற துணை.

நாளந்தாவில் சீலபத்திரரிடம் யோகாசார நூல்களைக் கற்று முடித்த யுவான் சுவாங், கிழக்கே வங்கக் கடற்கரையில் இருந்த தாமிரலிப்தித் துறையை அடைந்தார். ஈழத்தில் தேரவாதப் பிடகங்களையும் யோக நூலையும் நன்கறிந்த ஆசிரியர் உளர் எனக் கேள்வியுற்று, அங்கிருந்து கலமேறக் கருதினார். அப்போது தென்னாட்டுத் துறவி ஒருவர் குறுக்கிட்டார். நெடுங்கடல் வழியில் புயலும் அலையும் தீரா அச்சம் தருவன. தென்கிழக்குக் கோடி வரை நிலத்தின் வழியே சென்றால், அங்கிருந்து மூன்று நாள் கடற்பயணமே எஞ்சும். மலை ஏறவும் பள்ளத்தாக்கு இறங்கவும் நேரினும் உயிர்க்கு அச்சமில்லை. அன்றியும் ஒட்டர நாடு முதலியவற்றில் உள்ள திருவிடங்களை வழியிலேயே கண்டு தொழலாம். இதுவே அவர் கூறிய அறிவுரையின் சாரம். வறிய பாணனை வழிமறித்து, செல்லத்தக்க ஊரையும் நெறியையும் சொல்லிவிடுக்கும் ஆற்றுப்படைப் புலவனை இங்கு நினையாதிருக்க இயலவில்லை. தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்கு ஆற்றுப்படுத்தும் பெரும்பாணாற்றுப்படையைப் பெற்ற மொழியினர்க்கு இக்காட்சி அயலானதன்று.

அவர் நடந்தார். கலிங்கம், கோசலம், ஆந்திரம், தானியகடகம் ஆகியவற்றைக் கடந்து, 'சுளிய' எனத் தாம் குறிக்கும் சிறு நாட்டையும் கடந்து, ஏறத்தாழ 640-ஆம் ஆண்டில் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அச் 'சுளிய' நாடு சோழர் நாடு என்பதும், அது காவிரிக்கரையில் இல்லாமல் காஞ்சிக்கு வடக்கே காடும் சதுப்பும் கள்வரும் மிக்க பகுதியாகச் சொல்லப்படுவதும் கருதத்தக்கன. காவிரிச் சோழர் பெயர் மங்கியிருந்த காலம் அது.

காஞ்சியைப் பற்றிய அவர் குறிப்பு சுருக்கமானது. நாடு 6000 லி சுற்றளவு, தலைநகர் 30 லி. மண் வளமானது, பூவும் கனியும் மிகுதி, வெப்பம் கடுமை. மக்கள் அஞ்சாதவர், வாய்மையில் ஊன்றியவர், கல்வியைப் போற்றுபவர். நூற்றுக்கு மேற்பட்ட விகாரங்கள், பதினாயிரம் துறவியர், தேவகோட்டங்கள் எண்பது, நிர்க்கிரந்தர் பலர். நகர்க்குத் தெற்கே பெரியதொரு விகாரத்தின் அருகில் நூறடி உயரத் தூபி ஒன்று. அசோகன் எடுத்ததாகச் சொல்லப்படுவது. மொழியும் எழுத்தும் நடுநாட்டினின்று சிறிதே வேறுபடுவன என்றும் எழுதுகிறார். தமிழை 'சிறிதே வேறுபட்டது' என்று ஒருவர் எழுதினால் அவர் தமிழ் கற்கவில்லை என்பது பெறப்படும். வடமொழி அறிந்த துறவியரோடு மட்டுமே அவர் உரையாடியிருக்க வேண்டும்.

அவர் சொல்லாதன பல. நாட்டை அப்போது ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பெயர் இல்லை. அப்பரும் சம்பந்தரும் அந்நூற்றாண்டினர் என்பது பெருவழக்கு. அவர்தம் பாட்டொலி அவர் செவிக்கு எட்டியதாகத் தெரியவில்லை. பட்டு நாட்டிலிருந்து வந்தவராயினும் காஞ்சிக் குறிப்பில் பட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே நம் தறிகளின் தொன்மைக்கு அவரைச் சான்றாக அழைத்தல் பொருந்தாது. இன்று காஞ்சி என்றதும் கண்முன் நிற்கும் கயிலாசநாதர் கற்றளியும் அன்று இல்லை. அதனை எடுப்பித்த இராசசிம்மன் அரியணை ஏறியது அந்நூற்றாண்டின் இறுதியில்தான். செங்கலும் மரமும் சுண்ணமும் கொண்டு எழுந்த நகரையே அவர் கண்டார்.

அந்நகரை உள்ளிருந்து கண்டவர் ஒருவரும் உண்டு. நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசம் என்னும் வடமொழி அங்கத நாடகம் இதே காஞ்சித் தெருவில் நிகழ்கிறது. அதில் வரும் பௌத்தத் துறவி, வணிகன் வீட்டில் மீனும் இறைச்சியும் உண்ட களிப்பில், மதுவும் மகளிரும் மட்டும் விலக்கப்பட்டதேன் என்று வருந்துகிறார். மூலநூலில் இருந்த அனுமதியை முதிய துறவியர் மறைத்துவிட்டனர் என்றும் ஐயுறுகிறார். அரசன் நகைத்த துறவியரும் அயலவர் எண்ணிப் பதிந்த பதினாயிரம் துறவியரும் ஓரூரில் சில பத்தாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்களே. ஒன்று பொய், மற்றது மெய் என்று தீர்ப்பதற்கில்லை. ஆயினும் ஊரானின் நகைப்பில் கிடைக்கும் தெருவின் வெப்பம் விருந்தினரின் கணக்கேட்டில் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

எனினும் கணக்கேட்டினிடையே ஓரிடத்தில் யுவான் சுவாங்கின் குரல் கனிகிறது. தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்கிறார். தருமபாலர் நாளந்தாவின் தலைவராக விளங்கியவர், சீலபத்திரரின் ஆசிரியர். அஃதாவது, யுவான் சுவாங்கின் ஆசிரியருக்கு ஆசிரியர். காஞ்சி அமைச்சர் ஒருவரின் மூத்த மகனாகிய அவருக்கு அரசன் தன் மகளை மணம் பேசினான். மணத்திற்கு முன்னிரவில் அவர் புத்தர் படிமத்தின் முன் நின்று மனம் நொந்து வேண்டினார். தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிச் சென்று, பல நூறு லி தொலைவில் மலைமேல் இருந்த விகாரத்தில் விட்டது. கதவைத் திறந்த துறவி, உள்ளே அமர்ந்திருந்த இளைஞனைக் கள்வன் என்று கருதினாராம். இக்கதையை ஏட்டில் எழுதியவர், இளமையில் பேரரசின் தடையை மீறி எல்லை கடந்து கள்வன்போல் இரவில் ஓடிவந்தவர் என்பதை இணைத்துப் பார்க்க வேண்டும். கல்வி வழியில் தமக்குப் பாட்டனாகிய ஒருவரின் ஊருக்கு அவர் வந்திருந்தார். நாடு பல கடந்த அவர்க்குக் காஞ்சி முற்றிலும் வேற்றூர் அன்று.

இனி, எதிர்பாராதது நடந்தது. ஈழத்திற்குக் கலம் ஏறும் வாயிலாக வாழ்க்கை வரலாறு குறிக்கும் காஞ்சியில் அவர் காத்திருந்தபோது, அக்கரையிலிருந்து வந்தவர்கள் இக்கரையில் இறங்கினர். ஈழத்து வேந்தன் இறந்தான். நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மூண்டன. துறவியர் முந்நூற்றுவர் உயிர் பிழைக்கக் காஞ்சிக்கு ஓடிவந்துவிட்டனர். அவர்களுள் தலையாயவர் போதிமேகேசுவரர், அபயதம்ஷ்டிரர் என்னும் இருவர். கற்றோர் உள்ள நாட்டைத் தேடிப் போகிறேன், நீங்கள் ஏன் இங்கு வந்தீர்கள் என்று யுவான் சுவாங் வினவினார். நிலைமையைக் கூறிய அவர்கள், யோக நூலில் தங்களை விஞ்சியவர் அங்கில்லை, ஐயம் இருப்பின் எங்களிடமே கேட்கலாம் என்றனர். அவர் கேட்டார். அவர்கள் தந்த விளக்கம் சீலபத்திரர் தந்ததைத் தாண்டவில்லை.

பஞ்சத்திலிருந்து ஓடியவர்களுக்குக் காஞ்சி புகலிடமான செய்தி மணிமேகலையைக் கற்றவர்க்குத் திகைப்பூட்டும். அக்காப்பியத்தில் பஞ்சம் காஞ்சிக்கு உரியது. மழை பொய்த்த அந்நகருக்கு அமுதசுரபியோடு மணிமேகலை வருகிறாள். வரலாற்றில் ஒருமுறை அப்பாத்திரம் காஞ்சியின் கையில் இருந்தது.

கற்க வேண்டியதும் இல்லை. கடக்க வேண்டிய கடலும் மூடிக்கொண்டது. அந்நிலையில் யுவான் சுவாங் தனித்தே திரும்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஈழத் துறவியர் எழுபதின்மரோடு சேர்ந்து, திருவிடங்களைக் கண்டவாறே வடமேற்காக நடந்தார் என்கிறது வரலாறு. இவ்வொரு தொடர்தான் இவ்வுரைக்குக் கரு. தம்மைவிட மிகுதியாகக் கற்றிராதவர்கள் என்று அறிந்த பின்னரே அவர்களைத் துணையாகக் கொண்டார். ஆசிரியரைத் தேடிவந்தவர்க்குக் கிடைத்தவர்கள் வழித்தோழர்கள். அவர் வீடு திரும்பும் திசைக்குத் தம் கால்களைத் திருப்பியவர். அவர்களோ வீட்டை இழந்து வந்தவர்கள். ஒரே வழியில் நடந்த இவ்விரு சாராருக்கும் அவ்வழி ஒரே பொருளைத் தந்திருக்க முடியாது. காஞ்சிக்குத் தெற்கே அவர் கால் பட்டதாக வரலாறு சொல்லவில்லை.

வழி எளிதன்று. அடர்ந்த காடு, ஆளற்ற ஊர்கள், கூட்டமாகத் திரிந்து வழிப்போக்கரைத் துன்புறுத்தும் கள்வர். 2000 லி நடந்து கொங்கணபுரத்தை அடைந்தனர். அது இன்றைய எவ்வூர் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அங்கு ஒரு விகாரத்தில் சித்தார்த்தர் இளவரசராக இருந்தபோது அணிந்ததாகப் போற்றப்பட்ட மணிமுடியைக் கண்டனர். நகரின் வடக்கே 30 லி சுற்றளவுக்குத் தாளிப்பனைக் காடு. அதன் ஓலை நீண்டு அகன்று மின்னுவது. நாடெங்கும் எழுதுவதற்கு அதனையே கொள்வர் என்று குறிக்கிறார். ஓலைச்சுவடியில் வாழ்ந்த தமிழ்க்கு இக்குறிப்பு இனியது. இதற்கு மேல் எழுபதின்மரைப் பற்றி ஏடு பேசவில்லை. எங்குப் பிரிந்தனர், ஈழம் மீண்டனரா என்பதற்கு விடையில்லை.

அடுத்த நாடு மகாராட்டிரம். பல்லவனின் தலைநகரில் தங்கியவர், பல்லவனின் பகைவன் இரண்டாம் புலிகேசியின் நாட்டில் நுழைந்து அவன் வீரரையும் மது ஊட்டப்பெற்ற போர்யானைகளையும் வியந்து எழுதுகிறார். இரண்டே ஆண்டில், 642-இல், வாதாபி நரசிம்மவர்மனிடம் வீழ்ந்தது. அந்நாட்டின் கீழ் எல்லையில், மலைச்சரிவைக் குடைந்த விகாரத்தையும், வாயிலின் இருபுறமும் நிற்கும் கல்யானைகளையும் அவர் வருணிக்கிறார். அஜந்தா என்பது அறிஞர் முடிவு. அங்குத் திங்நாகர் பலகால் தங்கினார் என்றும் சொல்கிறார். அத்திங்நாகரும் காஞ்சியைச் சார்ந்தவர் என்பது திபெத்திய மரபு. காஞ்சியை விட்டகன்ற பின்னும் காஞ்சி அவரை விடவில்லை.

காணாத ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். காஞ்சிக்குத் தெற்கே மலகூடம் என்னும் நாட்டில், சந்தன மரங்கள் செறிந்த மலையமலைக்குக் கிழக்கே பொதலகம் என்றொரு மலை. வழி செங்குத்தானது, பாறை பிளவுண்டது. உச்சியில் கண்ணாடி போன்ற ஏரி. அதிலிருந்து இறங்கும் ஆறு மலையை இருபது முறை சுற்றித் தென்கடல் சேரும். அவலோகிதர் வந்து தங்கும் அவ்விடத்தை உயிரை மதியாது நீர் கடந்து ஏறுவோர் உண்டு. அடைவோர் மிகச் சிலரே. அடிவாரத்தில் நின்று வேண்டுவோர்க்கு அவர் ஈசுவரன் வடிவிலோ நீறணிந்த துறவி வடிவிலோ தோன்றுவார். அறிஞர் பலர் இதனை நம் பொதியில் என்பர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்னும் வீரசோழிய மரபு இதனோடு இயைகிறது. இந்நாட்டைப் பற்றிக் காஞ்சியில் கேட்டறிந்தார் என்றே வாழ்க்கை வரலாறு சொல்வதால், அவர் ஏறாத மலை அது எனக் கொள்வதே பொருத்தம். நின்ற நகரை எண்களால் எழுதியவர், ஏறாத மலையை நீரும் பாறையுமாக எழுதியிருப்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

645-இல் அவர் சாங்கான் மீண்டார். 657 நூல்களை இருபது குதிரைகள் சுமந்தன. எஞ்சிய வாழ்நாள் முழுவதும், 664-இல் மறையும்வரை, மொழிபெயர்ப்பே தொழில். 647-இல் அவர் சீனத்தில் பெயர்த்த சிறு நூல் நியாயப்பிரவேசம். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, எடுத்துக்காட்டுப்போலி பத்து என வகுக்கும் அளவை நூல் அது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அளவை இலக்கணமும் இதே தொகையும் இதே வகையும் கொண்டது. எது எதனினின்று பெற்றது என்னும் வாதம் முடிந்தபாடில்லை. எனினும் அறவண அடிகள் அதனைக் கற்பிக்கும் களம் காஞ்சி. சாங்கானில் ஒரு துறவி அந்நூலைச் சீன எழுத்தில் வடித்தபோது, அதே முப்பத்து மூன்று போலிகளும் தமிழில் காஞ்சியின் பெயரோடு பிணைந்திருந்தன, அல்லது பிணையவிருந்தன. அவர் அறிந்திருக்க வழியில்லை. நாமும் நெடுங்காலம் அறியவில்லை.

மீளும் வழியில் சிந்து நதியில் படகு அலைப்புண்டு ஐம்பது சுவடிகளும், அவர் சேர்த்திருந்த பலவகைப் பூவிதைகளும் நீரில் போயின. அவ்விதைகளுள் தொண்டை நாட்டுப் பூ ஏதும் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது; ஏடு விடை கூறாது. 654-இல் புத்தகயைத் துறவியர்க்கு மடல் எழுதியபோது, ஆற்றில் இழந்த நூல்களின் பெயர்ப்பட்டியலை இணைத்து, வாய்ப்பிருப்பின் படியெடுத்து அனுப்புமாறு வேண்டினார். அப்பட்டியலில் விதைகள் இல்லை.