முதலில் உணவு, பிறகு மருந்து: பிரசவமான உடம்புக்குச் சீனத்துப் பக்குவம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



பிள்ளை பெற்ற உடம்புக்கு எப்படித் தெம்பு ஏத்துறதுன்னு நம்ம குழுக்களில் அடிக்கடி பேச்சு வருது. சீன நாட்டில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று இன்று பார்ப்போம்.

7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்ற சீன வைத்தியர், நோயை முதலில் உணவால் சரிசெய்யப் பார்க்க வேண்டும், அதில் தீராவிட்டால்தான் மருந்து என்று எழுதி வைத்தார். அந்த எண்ணம் இன்றும் அங்கே அடுப்படியில் இருக்கிறது.

பிரசவமான பெண்ணை ஒரு மாதம் வேலை செய்ய விடமாட்டார்கள். இதற்கு 'மாதம் உட்காருதல்' என்றே பெயர். வடக்கே தினைக் கஞ்சியைக் குழையக் காய்ச்சி, நம்ம நாட்டுச் சர்க்கரை மாதிரியான செஞ்சர்க்கரை போட்டு, முட்டையோடு கொடுப்பார்கள். நம்ம ஊர்த் தினையேதான் அது! தெற்கே குவாங்டாங் பக்கம் பன்றிக்கால், இஞ்சி, முட்டை மூன்றையும் இனிப்பு வினிகரில் நெடுநேரம் வேகவைப்பார்கள். தைவானில் நல்லெண்ணெயில் இஞ்சியை வதக்கி, அரிசி மது ஊற்றிக் கோழி சமைப்பார்கள். காய்ந்த செவ்விலந்தைப் பழம் போட்ட கோழிச் சாறும் உண்டு. நம்ம இலந்தைக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்.

இஞ்சி உடம்பின் குளிரைப் போக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. முட்டையிலும் கறியிலும் புரதம் இருக்கு. கஞ்சி லேசா செரிக்கும். இது நாம் அறிந்ததுதான்.

ஆனா எல்லாத்தையும் அப்படியே எடுத்துக்கக் கூடாது. மது தாய்ப்பாலில் கலக்கும், அது வேண்டாம். பழமும் பச்சைக் காயும் குளிர்ச்சி என்று அங்கேயும் பலர் ஒதுக்குவார்கள். அதனால் மலச்சிக்கல் வரலாம். செவ்விலந்தையும் செஞ்சர்க்கரையும் ரத்தம் ஊறவைக்கும் என்பார்கள். ரத்தசோகைக்கு அது மட்டும் போதாது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடணும். ரத்தப்போக்கு அதிகமானாலோ, காய்ச்சல் கண்டாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

கடைசியா ஒண்ணு. அந்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது, சமைப்பது அந்தப் பெண் இல்லை என்பதுதான். மாமியாரோ அம்மாவோ சமைத்துக் கையில் கொடுப்பார்கள். பச்சை உடம்புக்காரி தானே தண்ணி சுமந்து, தானே விறகு எரித்துக் கஞ்சி காய்ச்சினால், குடித்த தெம்பு எங்கே தங்கும்?

அதனால, நம்ம குழுவில் யாருக்காவது பிரசவமானால், கூட்டத்துக்கு வரலைன்னு அபராதம் போட வேண்டாம். சேமிப்புப் பணத்தை வீட்டுக்கே போய் வாங்கிக்குவோம். போகும்போது தூக்குவாளியில் கஞ்சியும் கொண்டுபோவோம்.