சிவப்புச் சதுரம் கற்பித்த பரப்புரைப் பாடம்



மக்கள் தொடர்பும் சமூக வலைத்தளங்களும் ஒரு பரப்புரையை எவ்வாறு வளர்க்கின்றன என்பதை அறிய, மொன்றியல் வாழ் தமிழர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டு இந்நகரின் வீதிகளில் நிகழ்ந்த மாணவர் போராட்டமே தக்க சான்றாகும்.

ஆண்டுக்கு 2,168 டொலராக இருந்த பல்கலைக்கழகக் கட்டணத்தை ஐந்து ஆண்டுகளில் 3,793 டொலராக உயர்த்த, ழான் சாரே தலைமையிலான கியூபெக் அரசு முடிவு செய்தது. முதல் மோதல் சொற்களிலேயே தொடங்கியது. மாணவர்கள் தமது போராட்டத்தை 'வேலைநிறுத்தம்' என்றனர். அரசோ 'புறக்கணிப்பு' என்றே அழைத்தது. முன்னையது கூட்டாக வாக்களித்து எடுத்த முடிவைக் குறிக்கும். பின்னையது தனிமனிதர் விருப்பத்தை மட்டுமே குறிக்கும். உயர்வை 'நியாயமான பங்கு' என்றது அரசு; கல்வி உரிமை என்றனர் மாணவர்கள். எச்சொல் செய்திகளில் நிலைக்கின்றதோ, அதன் பொருளே மக்கள் மனத்திலும் நிலைக்கும்.

மாணவர்களின் சின்னம் ஆடையில் குத்திய சிறிய சிவப்புத் துணிச் சதுரம். கடனில் மூழ்குவதைச் சுட்டும் பிரெஞ்சுச் சொல்விளையாட்டு அதில் அடங்கியிருந்தது. ஊசியும் துணித்துண்டுமே அதற்கான செலவு.

மார்ச் 22இல் மொன்றியலில் மாபெரும் பேரணி நிகழ்ந்தது. மே 18இல், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடும் ஆர்ப்பாட்டங்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும் என்ற விதியுடன் அவசரச் சட்டம் நிறைவேறியது. பேஸ்புக் வழியாகப் பரவிய அழைப்பை ஏற்று, இரவு எட்டு மணிக்குக் குடும்பங்கள் வாசலுக்கு வந்து பானை சட்டிகளைத் தட்டின. கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் சமூகத் தொலைக்காட்சி ஊர்வலங்களை இணையத்தில் நேரடியாகக் காட்டியது.

செப்டெம்பர் 4 தேர்தலில் அரசு தோற்றது. புதிய அரசு அந்த உயர்வைக் கைவிட்டது. எனினும் 125 இடங்களில் வென்ற கட்சி 54 இடங்களையும் தோற்ற கட்சி 50 இடங்களையும் பெற்றன. வீதியில் எழுந்த பேரொலி முழு மக்களின் ஒப்புதல் அன்று என்பதை இது உணர்த்துகின்றது. வீதிக்கு வராத அயலவரிடமும் பேசவேண்டியது பரப்புரையின் கடமையாகும்.

தமிழருக்கு இப்பாடம் புதிதன்று. 2009 மே 10இல், வன்னியில் மக்கள் மடிந்துகொண்டிருந்த வேளையில், ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் தமிழர் திரண்டனர். உலகின் கவனம் திரும்பியது உண்மை. ஆனால் பல செய்திகளில் போர் பின்னே தள்ளப்பட்டு, போக்குவரத்துத் தடையே முன்னே நின்றது. கவனத்தை ஈர்ப்பது ஒன்று. ஈர்த்த கவனத்துக்குப் பொருள் தருவது வேறொன்று.

பிறர் உடைமையான வலைத்தளத்தை மட்டுமே நம்பியிருப்பதும் ஆபத்தானது. 2023 ஆகஸ்ட் முதல், கனடாவின் இணையச் செய்திச் சட்டத்தை எதிர்த்து, பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி இணைப்புக்களை மெற்றா நிறுவனம் தடுக்கத் தொடங்கியது. ஆகவே ஊடகவியலாளருடனும் மக்கள் பிரதிநிதிகளுடனும் நேரடித் தொடர்பு பேணுதல் இன்றியமையாதது.

பெற்றோர்களே, உங்களிடம் நினைவும் சான்றும் உள்ளன; அவற்றைப் பிள்ளைகளிடம் கூறுங்கள். இளையோர்களே, உங்களிடம் பிரெஞ்சும் ஆங்கிலமும் தொழில்நுட்ப அறிவும் உள்ளன. அவற்றால் அந்தச் சான்றுகளை உலகறியச் செய்யுங்கள். ஒவ்வொரு படத்தின் நாளையும் இடத்தையும் உறுதிசெய்த பின்னரே பகிருங்கள். ஒரு பொய்ப்படம் நூறு உண்மைப் படங்களின் மீதும் ஐயத்தை விதைக்கும். அந்த இழப்பு, பேச வாய்ப்பின்றி மடிந்தவர்களுக்கே இழைக்கப்படும் இழப்பாகும்.