எது எவ்வளவு காக்கும்? தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் என்றால் நாம் குரலை உயர்த்திப் பேசுகிறோம். கர்ப்பத்தடை என்றால் பீலிக்கரையில் குசுகுசுவென்று பேசுகிறோம். இன்று அதையும் வெளிப்படையாகப் பேசுவோம்.

முதலில் கணக்கு. எந்தத் தடுப்பும் இல்லாமல் குடும்பம் நடத்தும் 100 பெண்களில், ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய 85 பேர் கர்ப்பமாவார்கள். ஆண் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதை நம்பினால் 20 பேர். ஆணுறை என்றால் 13 பேர். குளிசை என்றால் 7 பேர். மூன்று மாத ஊசி என்றால் 4 பேர். லூப், கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, ஆபரேஷன் ஆகிய மூன்றிலும் ஒருவருக்கும் குறைவு.

குளிசை பிழையான மருந்தல்ல. ஒரு நாளும் தவறாமல் போட்டால் அதிலும் ஒருவருக்கும் குறைவுதான். ஆனால் விடியுமுன் எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடுகிற நமக்கு ஒரு நாள் மறந்துபோகும். ஊசி போடும் நாளில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று தள்ளிப்போடுகிறோம். அந்த 7 பேரும் 4 பேரும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள்.

லூப்பும் குச்சியும் நம் ஞாபகத்தை நம்பி இருப்பதில்லை. செம்பு லூப் 10 வருடம் வரை காக்கும். குச்சி, வகையைப் பொறுத்து, 3 முதல் 5 வருடம். பிள்ளை வேண்டுமென்றால் கிளினிக்கில் எடுத்துவிடலாம். லூப் வைத்த முதல் மாதங்களில் இரத்தப்போக்கு கூடலாம். குச்சியாலும் ஊசியாலும் மாதவிடாய் ஒழுங்கு மாறலாம். இதையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

1980களில் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அரசு 500 ரூபா கொடுத்தது. அடுப்பில் உலையில்லாத வீட்டில் அந்தக் காசு கேட்ட கேள்விக்கு, நம் தாய்மாரால் இல்லையென்று சொல்ல முடிந்திருக்குமா? "உறுதி வேண்டுமென்றால் ஆபரேஷன்தான்" என்ற பேச்சு இன்னும் நம் லயங்களில் இருக்கிறது. அது சரியல்ல. லூப்பும் குச்சியும் அதே அளவு காக்கும். ஆபரேஷனை நிரந்தரம் என்று எண்ணியே செய்துகொள்ள வேண்டும்.

இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தால், அண்ணன்மாரே, உங்களுக்கான ஆபரேஷன் பெண்ணுக்கானதைவிடச் சிறியது. பாரம் தூக்கும் பலமோ ஆண்மையோ குறையாது. முதல் 3 மாதம் மட்டும் வேறு தடுப்பும் வேண்டும். பிறகு பரிசோதித்து உறுதிப்படுத்த வேண்டும்.

ஆணுறை கிழிந்துவிட்டாலோ, தடுப்புத் தவறிவிட்டாலோ, 72 மணித்தியாலத்துக்குள் போடும் அவசரக் குளிசை பார்மசியில் உண்டு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பாலியல் நோயிலிருந்தும் காப்பது ஆணுறை மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம்.

கிளினிக்கில் மூன்று கேள்வி கேட்போம். இது எவ்வளவு காக்கும்? என் உடம்பை என்ன செய்யும்? நிறுத்தினால் பிள்ளை தங்குமா? பதில் நமக்கு விளங்கும் தமிழில் வரவேண்டும். விளங்காத கடதாசியில் கையொப்பம் வைக்கமாட்டோம்.

கிளினிக் நாளில் பேர் வெட்டக்கூடாது என்பதையும் சங்கக் கோரிக்கையாக வைப்போம். கூலியைப் போலவே நம் உடம்பும் நம் உரிமை.