ஊரணிக் கணக்கும் வீட்டுத் தொட்டியும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மழையை நாம் ரஹ்மத் என்கிறோம். ஷாஃபிஈ பிக்ஹு நூல்கள் ஒளுவுக்கு ஆகும் தண்ணீர்களை எண்ணும்போது வானத்து நீரையே முதலில் வைக்கின்றன. கோலாலம்பூரில் அந்த ரஹ்மத்துக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. அப்படியிருந்தும் 1998 எல் நினோ வறட்சியிலும், மறுபடி 2014இலும், கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பங்கீட்டுத் தண்ணீரில் காலம் தள்ளினார்கள். 1998 பட்ட பாட்டுக்குப் பிறகுதான், 1999இல் அரசாங்கம் மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது.

இன்று மழையின் போக்கே மாறுகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2021 டிசம்பர் 18இல் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்து, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறக்கவில்லை.

இது வீட்டுத் தொட்டியை எப்படிப் பாதிக்கிறது? ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். வரிசை வீட்டின் பின்கூரை 40 சதுர மீட்டர் என்று வைப்போம். 60 மில்லிமீட்டர் கொட்டினால் 2,400 லிட்டர். நம்மிடம் 1,000 லிட்டர் தொட்டி இருந்தால், மிச்சம் 1,400 லிட்டர் சாக்கடைக்குப் போய் வெள்ளத்தோடு சேரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் கழிப்பறைக்கு மட்டும் நாளுக்கு 150 லிட்டர் ஆகும். ஏழாம் நாள் தொட்டி காலி. இரண்டு வாரம் மழை இல்லையென்றால் என்ன செய்வது?

இதற்கு விடை நம் முன்னோர் ஊரிலேயே இருக்கிறது. இராமநாதபுரத்துப் பெரியவர்கள் ஊரணி வெட்டியபோது எவ்வளவு பெய்யும் என்பதோடு நிற்கவில்லை. எத்தனை மாதம் பெய்யாது என்பதையும் எண்ணினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை கோடை வரை நிற்க வேண்டுமே! அந்தக் கணக்கு இப்போது நமக்கும் தேவை. பெய்யாத நாட்களை ஒரு நாள் செலவால் பெருக்குங்கள். தொட்டியின் அளவு தெரியும். இரண்டு வாரத்துக்கு 2,100 லிட்டர்.

செய்முறையில் நான்கு காரியங்கள். தண்ணீர் நிறைந்த 1,000 லிட்டர் தொட்டி ஒரு டன் எடை. கெட்டியான தரையில்தான் வைக்க வேண்டும். திடீர் மழையைத் தாங்க அகலமான பீலி, பெரிய குழாய் வேண்டும். வெயில் நீண்டால் கூரையில் புழுதியும் புறா எச்சமும் சேரும். ஆகவே முதலில் வரும் 40 லிட்டரையாவது வெளியே விட்டுவிடுங்கள். ஏடிஸ் கொசு நுழையாதபடி வலை கட்டுங்கள். இந்தத் தண்ணீர் கழுவவும், செடிக்கும், கழிப்பறைக்கும், குடிக்க வேண்டாம்.

குழாய் நின்றால் முதலில் அல்லல்படுவது வீட்டுத் தாய்மார்கள்தான். நம் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லிட்டர் அளவு, தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். நாமோ கொட்டுகிற மழையைச் சாக்கடைக்கு விடுகிறோம். இந்தப் பொன்விழா ஆண்டில், ஒவ்வொரு குடும்பமும் தன் கூரையை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

வஸ்ஸலாம்.