கிறிஸ்துமஸ் கடைகளும் பொம்மை ரயிலும்



டிசம்பர் மாதம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சங்கடமான மாதம். ஜொகூர் பக்கத்தில் மழை விடாமல் பெய்யும். மரம் வெட்ட முடியாத நாள்கள் கூடும், கூலி குறையும். கையில் பணம் சுருங்குகிற அந்த மாதத்தில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. பிள்ளைகளுக்கு மழையும் தெரியாது, சம்பளச் சீட்டும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் பொம்மை மட்டும் நன்றாகத் தெரியும்.

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நமக்கு நெருங்கிய உறவினர் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. தண்டவாளத்தில் தானாக ஓடும் ரயில் வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். முதல் ஆண்டு அவனுடைய அப்பா பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் ஒரு ரயில் பெட்டியை மலிவாக வாங்கிவந்தார். கடையின் பெயர் நமக்கு முக்கியமில்லை. நடந்ததுதான் முக்கியம். தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, மின்சாரத்தைப் போட்டார்கள். ரயில் விர்ரென்று கால் வட்டம் ஓடியது. பிறகு சிறிய கறுப்புப் பெட்டியிலிருந்து புகை வந்தது. வீட்டுக்காரம்மா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்ததால் பெரிய ஆபத்து ஏதுமில்லை.

காரணம் என்ன? அது ஜப்பான் நாட்டு வீடுகளுக்காகச் செய்யப்பட்ட பொருள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது ஏறக்குறைய 230 வோல்ட். தாங்கக்கூடிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மின்னழுத்தம் பாய்ந்தால் எந்தக் கருவி தாங்கும்? அந்தக் கறுப்புப் பெட்டியின் அடியில் 100 என்ற எண் அச்சடித்துத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தது ஜப்பானிய எழுத்து என்பதால் யாரும் அந்த எண்ணையும் பார்க்கவில்லை.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அந்தக் குடும்பம் சிங்கப்பூர் வந்தது. பையனின் தாய்மாமன் அங்கே வேலை செய்கிறார். ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து மாதா தேவாலயத்தில் பூசை காண்பதும் அவர்கள் நோக்கம். 1888இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயம் சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. அங்கிருந்து சிராங்கூன் ரோடு நடக்கிற தூரம்தான். பூசைக்கு முந்திய நாள்களில் ரயில் தேடும் வேலைக்கு நாமும் உடன் சென்றோம்.

முதலில் ஆர்ச்சர்ட் ரோடு. 1984 முதல் அந்தச் சாலையில் கிறிஸ்துமஸ் விளக்கலங்காரம் செய்கிறார்கள். பார்க்கக் காசு வேண்டாம் என்பது அதன் பெரிய சிறப்பு. பேரங்காடிகளின் பொம்மைப் பிரிவில் ரயில்கள் அழகாகத்தான் இருந்தன. விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்த பையனின் அப்பா அதை மெதுவாகப் பழையபடி திருப்பி வைத்தார். சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மலேசிய வெள்ளி மூன்றுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் உண்மையான மாதிரி ரயில் ஒரு செட்டு அவருடைய அரை மாதச் சம்பளத்தைத் தின்றுவிடும்.

"பார்த்தாச்சு. தேக்கா பக்கம் போவோம்" என்றார்.

லிட்டில் இந்தியாவில் ரயில் பொம்மை கிடைக்குமா என்று நமக்கே சந்தேகம். மல்லிகைப்பூ, மளிகை, நகை, சேலை என்றால் சரி. முஸ்தபா சென்டரில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள். 1971இல் கேம்பல் லேனில் துணி விற்கும் சிறு கடையாகத் தொடங்கி, 1995இல் சையது ஆல்வி சாலையில் பெரிய அங்காடியானது அது. அங்கே பொம்மைகளும் இருந்தன. ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு கடையைப் பற்றி. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஐந்தடியில் பயணப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கடை அது. பெரிய பெட்டி, சிறிய பெட்டி, சக்கரம் வைத்த பெட்டி. அவற்றுக்கு மேலே கயிற்றில் தொங்கின ரயில் செட்டுகள்! பெட்டிக்கும் ரயிலுக்கும் என்ன உறவு?

கடைக்காரரிடமே கேட்டோம். அவர் சிரித்தார்.

"அண்ணே, பெட்டி வாங்க வர்றவன் ஊருக்குப் போறவன். ஊருல அவனுக்குப் பிள்ளை இருக்கும். பெட்டியை வெறுமனேவா கொண்டுபோவான்?"

நேயர்களே, வியாபாரம் என்றால் இதுதான். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டட வேலையும் கப்பல் பட்டறை வேலையும் செய்யும் ஆயிரக்கணக்கானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வட்டாரத்தில்தான் கூடுகிறார்கள். ஊர் திரும்பும்போது பிள்ளையின் வயதை மனத்தில் வைத்துப் பொம்மை வாங்குகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் விட்டுவந்த பிள்ளையின் வயதா, இப்போதுள்ள வயதா என்று தடுமாறுகிறவர்களும் உண்டு என்றார் அந்தக் கடைக்காரர். நாங்கள் நின்றிருந்தபோதே ஒருவர் கிலுகிலுப்பையை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு, பெரிய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

எதிர்பாராத கடையில் ரயில் விற்பது புதிய வழக்கமும் அல்ல. 1900இல் நியூயார்க் நகரில் தொடங்கப்பட்ட லயோனல் நிறுவனம் 1901இல் மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தது. அது விளையாட்டுப் பொருளாகச் செய்யப்பட்டதல்ல. கடையின் கண்ணாடி அலமாரிக்குள் சரக்கைச் சுமந்து சுற்றிவந்து, தெருவில் போகிறவர்களை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. போகிறவர்கள் நின்றார்கள், ஆனால் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலைக்குக் கேட்டார்கள். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனத்தின் கதையும் சுவையானது. 1859இல் அது தொடங்கியபோது செய்தது பொம்மை வீட்டுக்கான தகரப் பாத்திரங்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் சொப்புச் சாமான்தான்! அதே நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில், அளவு வகுத்த தண்டவாளங்களோடு சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் காட்டியது. இன்று வாங்கிய தண்டவாளத்தோடு அடுத்த ஆண்டு வாங்கும் தண்டவாளமும் பொருந்தும் என்ற ஏற்பாடு அதனால் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு துண்டு கேட்கும் வழக்கமும் கூடவே வந்தது என்று பெற்றோர்கள் முணுமுணுக்கலாம். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி என்பவரின் நிறுவனம் 1920இல் ரயில் செய்யத் தொடங்கியது.

இந்த ரயில்களில் அளவு என்பது பெரிய விஷயம். உண்மை ரயிலைவிட 87 மடங்கு சிறியது ஒரு வகை. 76 மடங்கு சிறியது ஆங்கிலேயர் வகை. இவ்விரண்டும் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும். ஜப்பானில் மிகவும் விரும்பப்படுவது 150 மடங்கு சிறியது; அதன் தண்டவாளம் 9 மில்லிமீட்டர்தான். ஒன்றின் வண்டி மற்றொன்றின் பாதையில் நிற்கக்கூட நிற்காது. மலிவாக இருக்கிறதென்று வண்டி ஓரிடத்திலும் தண்டவாளம் வேறிடத்திலும் வாங்கினால் பிள்ளையின் கண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கணக்கும் தரலாம். மலாயா ரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர், அதாவது 1000 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் எவ்வளவு? ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். ஒரு சுண்டுவிரலின் அகலம். 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து அந்த ஒரு மீட்டர் பாதையில்தான் ரயில்கள் குளுவாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போயின. 2011 ஜூன் 30ஆம் நாள் இரவோடு அந்த நிலையத்தின் சேவை முடிந்தது. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார்.

மின்சார மாதிரி ரயில் எப்படி ஓடுகிறது? வீட்டு மின்சாரத்தை ஒரு சிறு பெட்டி 12 வோல்ட் நேர்மின்னோட்டமாகக் குறைத்துத் தருகிறது. ஒரு தண்டவாளத்தில் மின்சாரம் ஏறி, சக்கரத்தின் வழியாக இன்ஜினுக்குள் இருக்கும் மோட்டாருக்குப் போய், மறுபக்கச் சக்கரத்தின் வழியாக மற்றத் தண்டவாளத்தில் இறங்குகிறது. திருகைத் திருப்பி மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்சாரத்தின் திசையை மாற்றினால் ரயில் பின்னோக்கி ஓடும். இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு கொண்டை ஊசி விழுந்தால் போதும், மின்சாரம் மோட்டாருக்குப் போகாமல் ஊசி வழியாகவே குறுக்கே பாய்ந்துவிடும். குறுக்குச்சுற்று என்பது இதுதான். 12 வோல்ட்டில் உடம்புக்கு அதிர்ச்சி இல்லை. நல்ல பெட்டியாக இருந்தால் தானே நின்றுவிடும். ஆபத்தெல்லாம் சுவரிலிருந்து அந்தப் பெட்டி வரை உள்ள பகுதியில்தான்.

அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில் சாட்சியாக இருந்தது. 1858இல் தொடங்கப்பட்ட ராபின்சன்ஸ், ராஃபிள்ஸ் பிளேசில் இருந்த பெயர்பெற்ற பேரங்காடி. 1972 நவம்பர் 21ஆம் நாள், பண்டிகைச் சரக்கெல்லாம் வந்து நிறைந்திருந்த நேரத்தில், அது தீப்பிடித்து எரிந்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். மின்கம்பியில் ஏற்பட்ட குறுக்குச்சுற்றே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பிறகு அந்த நிறுவனம் வேறிடங்களில் நடந்து, 2021 ஜனவரியில் சிங்கப்பூரிலிருந்த கடைசிக் கடையையும் மூடியது. பழைய பலகை வீடுகளில் ஒரே செருகியில் விசிறி, தொலைக்காட்சி, குடில் விளக்கு மூன்றையும் மாட்டிவைக்கும் நம்மவர்களுக்காகவே இதைச் சொல்கிறோம்.

பெட்டிக் கடையில் கடைசியில் வாங்கியது மின்கலத்தால் ஓடும் ரயில். பிளாஸ்டிக் தண்டவாளம், மின்கலம் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. சுவர் மின்சாரத்தோடு உறவே இல்லை. 1959இல் ஜப்பானின் டோமி நிறுவனம் நீலநிறப் பிளாஸ்டிக் தண்டவாளத்தை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த வகை உலகமெங்கும் பரவியது. மாதிரி ரயில் சேகரிப்பவர்கள் இதை ரயில் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியவன் பையன், அவன் ஒப்புக்கொண்டான்.

வாங்குமுன் தாய்மாமன் இன்ஜினைத் திருப்பி, மின்கல மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அது நல்ல பழக்கம். விளக்கெரியும், பாட்டுப்பாடும் பொம்மைகள் சிலவற்றில் பொத்தான் போன்ற சின்ன மின்கலம் இருக்கும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். வலிக்கவில்லை, அழவில்லை என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சிறு பாகங்கள் உள்ள பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது என்று உறையில் அச்சடித்திருப்பதும் அலங்காரத்துக்கல்ல.

தோட்டத்து வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றித் தண்டவாளம் போட்டார்கள். பையனின் பூட்டிக்கு எண்பது வயதுக்கு மேல். ரயில் என்றாலே அவருக்கு ஆகாது. அவருடைய தகப்பனாரைச் சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோனார்கள். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்த பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரக்கணக்கான தமிழர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை. அப்போது பூட்டி கைக்குழந்தை.

ரயில் ஓடத் தொடங்கியதும் அவர் நாற்காலியிலிருந்து கேட்டார்: "இது எங்கடா போவுது?"

"எங்கயும் போவாது பூட்டி. சுத்தி இங்கயேதான் வரும்."

சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போடச் சொன்னார்.

மறுநாளே பையன் சரக்கு வண்டியில் ரப்பர் கொட்டைகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தான். அதே கொட்டையைத் துளையிட்டுக் காத்தாடி செய்து நூலில் இழுத்து விளையாடிய தலைமுறை அவன் அப்பாவுடையது. சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி, பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்த குறும்பும் அந்தத் தலைமுறையுடையதுதான். எட்டுக் கொட்டை வரை இன்ஜின் இழுக்கிறது, ஒன்பதாவதைப் போட்டால் வளைவில் நின்றுவிடுகிறது என்று அவன் நமக்குத் தொலைபேசியில் சொன்னான். நேர்ப்பாதையில் எத்தனை இழுக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இத்தகைய ரயில் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. சில வாரங்கள் ஓடியபின் ரயில் மெதுவாகிவிட்டால் மின்கலம் தீர்ந்தது என்று உடனே காசைச் செலவழிக்காதீர்கள். இன்ஜினைத் திருப்பிச் சக்கர அச்சைப் பாருங்கள். தரையில் கிடந்த தலைமுடி சுற்றியிருக்கும். ஊசி முனையால் அதை எடுத்துவிட்டால் பழையபடி ஓடும். பண்டிகை முடிந்து எடுத்து வைக்கும்போது மின்கலத்தைக் கழற்றித் தனியே வையுங்கள்; உள்ளேயே விட்டால் கசிந்து, அடுத்த டிசம்பரில் இன்ஜின் ஓடாது.