55 சிப்பம் நெல்லும் ஒரு விளையாட்டுப் பெட்டியும்



2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று தமிழக அரசு கொள்முதல் விலை வைத்தது. 40 கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சரியாக ஆயிரம் ரூபாய். குத்தாலம் பக்கத்தில் களத்துமேட்டில் நிற்கிறவர்களுக்கு வாய்க்கணக்காகவே வந்துவிடும். இப்போது அதே கணக்கை வேறொன்றுக்குப் போடுங்கள். டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன் 5, அதாவது பிள்ளைகள் பிஎஸ்5 என்று சொல்கிற பெட்டி, 2022 நவம்பரில் விலை ஏறியபோது 54,990 ரூபாய். 55 சிப்பம். ஏறத்தாழ ஓர் ஏக்கர் சம்பாவின் வரவு. உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எதையும் கழிப்பதற்கு முன்னால்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கல்யாணப் பந்தலுக்கும் புது பைக்குக்கும் கணக்குப் பார்க்காத வீடு, பிள்ளை கேட்கிற கேமுக்கு மட்டும் நோட்டுப் புத்தகத்தை எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் இன்றைய கேள்வி அதுவல்ல. வீட்டில் ஏற்கெனவே முந்தைய தலைமுறைப் பெட்டியான பிஎஸ்4 ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்ததாக இருக்கலாம், கும்பகோணத்தில் தவணையில் எடுத்ததாக இருக்கலாம். நன்றாகவே ஓடுகிறது. "பழசாயிடுச்சுப்பா" என்கிறான் பையன். அதை ஓரங்கட்டிவிட்டு அடுத்த தலைமுறைப் பெட்டிக்கு மாறலாமா என்பதுதான் கேள்வி.

புதிய பெட்டியில் உண்மையிலேயே புதிதாக இருப்பது என்ன? என்னைக் கேட்டால், முதல் பதில் வேகம். பிஎஸ்4-இல் இருப்பது சுழல்கிற ஹார்ட் டிஸ்க். பிஎஸ்5-இல் சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி. அந்தப் பெட்டியை வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஓர் உரையில் இதை விளக்கினார். பழைய பெட்டி 1 ஜிபி தகவலை எடுக்க 20 வினாடி பிடிக்கும், புதியது 2 ஜிபியைக் கால் வினாடியில் எடுத்துவிடும் என்றார். கேமைப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வருகிற பழக்கம் போய்விடும். இது சின்ன விஷயமில்லை. ஒரு முறை அந்த வேகத்தில் விளையாடியவனுக்குப் பழையதில் உட்காரப் பொறுமை இருக்காது.

ஆனால் ஒன்று. பிஎஸ்4-இன் ஹார்ட் டிஸ்கை நாமே கழற்றி மாற்றலாம், அதற்கு இடம் வைத்தே செய்திருக்கிறார்கள். லேப்டாப்பில் போடுகிற அதே இரண்டரை அங்குல எஸ்எஸ்டியை வாங்கிப் போட்டால் சில ஆயிரம் ரூபாயில் காத்திருப்பு கணிசமாகக் குறைகிறது. பிஎஸ்5 அளவுக்கு வராது. காபி குடிக்கிற நேரம் தண்ணீர் குடிக்கிற நேரமாகும், அவ்வளவுதான். பல வீடுகளுக்கு அதுவே போதும்.

அடுத்து படத்தின் தெளிவு. இங்கேதான் நம் வீடுகளில் பணம் வீணாகிறது என்று நினைக்கிறேன். கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற டிவி எத்தனை அங்குலம்? 32 அங்குலமாக இருந்தால் பெரும்பாலும் அது எச்டி ரெடி வகை. 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்த முதல் பிஎஸ்4 கொடுக்கிற படத்தையே அந்த டிவியால் முழுசாகக் காட்ட முடியாது. பெட்டி ஃபுல் எச்டியில் அனுப்புகிறது, டிவி அதைச் சுருக்கிக் காட்டுகிறது. அதன் முன்னால் 4கே படம் தருகிற பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால், பையனும் "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்பான். வாங்கித் தந்த அப்பா பக்கத்தில் நிற்கிறாரே!

ஆகவே என் கணக்கு இது: கையில் 30,000 ரூபாய் இருந்தால் பழைய பெட்டியை வைத்துக்கொண்டு டிவியை மாற்றுங்கள். 43 அங்குலத்தில் அதே பிஎஸ்4 வேறு பெட்டி மாதிரி தெரியும். அம்மாவின் சீரியலுக்கும் ஆகும், கிரிக்கெட்டுக்கும் ஆகும். வீட்டில் அனுமதி வாங்குவதும் சுலபம்.

டிவிக்கு ஏற்ற பெட்டி என்பது நமக்குப் புதிதல்ல. 2006 முதல் தமிழக அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி நினைவிருக்கும். ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ வெளியிட்ட பெட்டியின் நகலாக நம் ஊர்களுக்கு வந்த கேசட் போடுகிற டிவி கேம், பிறகு பிஎஸ்2, எல்லாம் அந்தச் சின்னத் திரைக்குப் பொருந்தின. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின்களைச் செருகினால் முடிந்தது. நம் பக்கத்தில் தலைமுறை மாற்றம் என்பது எப்போதுமே தாமதமாகவும் தாண்டித் தாண்டியும்தான் நடந்தது. பிஎஸ்3 2006-இலேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் 2009-இல் கபடி, கிட்டிப்புள் போன்ற நம் ஆட்டங்களை வைத்து இந்தியாவுக்கென்றே 'தேசி அட்டா' என்ற கேமை வெளியிட்டபோது, பிளேஸ்டேஷனைச் செய்கிற சோனி அதைப் பழைய பிஎஸ்2-க்குத்தான் செய்தது. விற்கிறவர்களுக்கே தெரியும், இங்கே எந்தப் பெட்டி வீட்டில் இருக்கிறது என்று.

மின்சாரம் பற்றிக் கேட்பவர்களுக்கு: புதிய கேம் ஓடும்போது பிஎஸ்5 சுமார் 200 வாட் இழுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு 1 யூனிட். தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட், டிவி தனி. இலவச 100 யூனிட்டில் கால் பங்கு. பெரிய கவலை இல்லை. கரண்ட் திடீரென்று போவதுதான் கவலை. மருதூரில் 101 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டிய குத்தாலம் தாலுகா நம்முடையது, இருந்தாலும் ஐப்பசி மழையில் எப்போது போகும் என்று யார் சொல்வார்? எந்தத் தலைமுறைப் பெட்டியானாலும் இன்வெர்ட்டரில் இணைத்து வையுங்கள்.

இணையம் அதைவிட முக்கியம். இன்றைய பெரிய கேம்களில் 100 ஜிபியைத் தாண்டுவன உண்டு. நாளுக்கு 2 ஜிபி தருகிற செல்போன் டேட்டாவில் அதை இறக்க 50 நாள் ஆகும். வீட்டுக்கு ஃபைபர் வந்திருந்தால் ஒரு ராத்திரி. ஃபைபர் வராத தெருவில் இருப்பவர்கள், விலை குறைவு என்று டிஸ்க் டிரைவ் இல்லாமல் வருகிற டிஜிட்டல் மாடலை எடுத்துவிடாதீர்கள்.

டிஸ்க்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நம் ஊரில் கேம் என்பது ஒருவர் வாங்கி ஐந்து பேர் விளையாடுவது. புது டிஸ்க் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம். ஒருவன் கால்பந்து வாங்குவான், இன்னொருவன் கார் ரேஸ் வாங்குவான், மாற்றிக்கொள்வார்கள். அலுத்தால் செகண்ட் ஹேண்டில் தள்ளிவிடுவார்கள். பிஎஸ்4 டிஸ்க்குகளில் மிகப் பெரும்பாலானவை பிஎஸ்5-இல் ஓடும். ஆனால் பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4-இல் ஓடாது. எனவே தெருவில் முதலில் மாறுகிறவன் மற்றவர்களிடம் வாங்கலாம், திருப்பிக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இருக்காது. எத்தனை நாள் அந்த ஒருவழிக் கடன் ஓடும்? டிஜிட்டல் மாடல் என்றால் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. மாறுவதென்றால் கூட்டாளிகளில் இரண்டு பேராவது சேர்ந்து மாறுவது நல்லது.

கேம்களுக்கு வருவோம். ஜிடிஏ 5 என்ற கேம் 2013 செப்டம்பரில் பிஎஸ்3-க்கு வந்தது. 2014-இல் பிஎஸ்4-க்கு, 2022-இல் பிஎஸ்5-க்கு. ஒரே கேம், மூன்று தலைமுறை. காட் ஆஃப் வார் ரக்னராக்கும் கிரான் டூரிஸ்மோ 7-ம் 2022-இல், அதாவது புதுப் பெட்டி வந்து ஒரு வருஷத்துக்கும் மேலான பிறகு, பழைய பெட்டிக்கும் சேர்த்தே வெளிவந்தன. இன்னொரு பக்கம் ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07. 2006-இல் வந்தது, அதற்குப் பிறகு அவர்கள் கிரிக்கெட் கேமே செய்யவில்லை. இன்றும் ரசிகர்களே கம்ப்யூட்டரில் ஆட்டக்காரர் பெயரையும் ஜெர்சியையும் மாற்றி மாற்றி அதை விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை எந்தத் தலைமுறைப் பெட்டியும் அசைக்கவில்லை.

"காத்திருந்தால் விலை இறங்கும்" என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பிஎஸ்2 காலத்தில் அது உண்மை. அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பெட்டி 2009-இல் 99 டாலருக்கு விற்றது. இந்தத் தலைமுறையில் கதை தலைகீழ். 2021 பிப்ரவரியில் 49,990-க்கு இங்கே வந்த பிஎஸ்5, மறு வருஷமே 5,000 ஏறியது. பண்டிகைத் தள்ளுபடி மட்டும் அவ்வப்போது வருகிறது. அதனால் விலைக்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். தேவை வரும் வரை காத்திருக்கச் சொல்வேன். வீட்டில் எந்தப் பெட்டியும் இல்லை, இப்போதுதான் முதலில் வாங்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் புதிய தலைமுறையையே எடுங்கள். இன்று பிஎஸ்4-க்குக் காசு போடுவதில் பொருளில்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாக இருந்தால் சிங்கப்பூர், துபாய்ப் பெட்டிகளின் பிளக் சதுர முள் கொண்டது, வயரை மட்டும் மாற்றினால் போதும். வாரண்டி இங்கே செல்லுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி பையனின் பக்கத்து நியாயம். அடுத்த ஜிடிஏ, ஆறாவது, பிஎஸ்5-க்கும் புதிய எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டும்தான் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை பழைய பெட்டிக்கு இடமில்லை. அந்த விளையாட்டு பெரியவர்களுக்கானது, 18 வயது ஆகாத பிள்ளை கேட்டால் இந்தப் பேச்சே எழாது. கல்லூரி முடித்த பையன் கேட்டால் அது நேர்மையான காரணம். சொல்லியிருக்கிற தேதி 2026 நவம்பர் 19. தீபாவளி நவம்பர் 8. குறுவைப் பணம் அதற்குள் கைக்கு வந்திருக்கும், தள்ளுபடியும் அப்போதுதான் இருக்கும். ஏற்கெனவே ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போன கேம் அது. மறுபடி தள்ளிப்போட்டார்களா என்று அக்டோபர் கடைசியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.