பாடுபவருக்கும் கேட்க வேண்டும்



கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றின் ஆடித் திருவிழாவில் எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி பாடினாள். வகுப்பறையில் சுருதி பிசகாமல் பாடும் பிள்ளை, மேடையில் தடுமாறினாள். இடையே ஒலிபெருக்கியும் 'கீ'யென்று வீறிட்டது. கூட்டம் சிரித்தது, பிள்ளை அழுதுகொண்டே இறங்கினாள். பிழை அவளுடையதன்று, பெட்டிகளை வைத்த பெரியவர்களாகிய எங்களுடையது.

பெட்டிகள் எல்லாம் கூட்டத்தையே பார்த்திருந்தன. அவளுக்குத் தன் குரல் எதிர்ச் சுவரில் மோதித்தான் திரும்பி வந்தது. ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வரப் பத்தில் ஒரு பங்கு வினாடியாகும். தாளம் தவற அது போதும். 1965-இல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பாடிய பீட்டில்ஸ் குழுவினருக்கே, கூட்டத்தின் இரைச்சலில் தங்கள் பாட்டு கேட்கவில்லை. சிறுபிள்ளை என்ன செய்வாள்?

இதற்குத்தான் 'மானிட்டர்' என்னும் மேடை ஒலிபெருக்கி இருக்கிறது. இது பாடுபவரைப் பார்த்து ஒலிப்பது. இப்போது வருபவற்றில் பல, அம்ப்ளிபையரையும் உள்ளேயே கொண்டவை.

இதை எங்கே வைப்பது? ஒலிவாங்கி வாங்கிய ஒலி, பெட்டியில் பெருகி, மறுபடி ஒலிவாங்கிக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வளர்வதே அந்த வீறிடல். பாட்டுக்குரிய சாதாரண மைக், முன்பக்கத்து ஒலியை நன்கு வாங்கும். பின்பக்கத்து ஒலியை மிகக் குறைவாக வாங்கும். ஆகவே மைக்கின் பின்புறத்துக்கு நேரே, பாடுபவருக்கு நாலைந்து அடி முன்னால், தரையில் சாய்த்து வையுங்கள். பெட்டி பார்க்க வேண்டியது முழங்காலையன்று, காதை. சூப்பர்கார்டியாய்டு வகை மைக்காக இருந்தால், நேர் பின்னால் வைக்காமல் சற்று இடமோ வலமோ தள்ளி வைக்க வேண்டும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக் கூடாது. பொத்தினால் வீறிடல் எளிதில் வரும்.

சத்தம் போதவில்லையா? குமிழைத் திருகுமுன் பெட்டியை அருகே நகர்த்துங்கள். திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். மானிட்டரில் பாடுபவரின் குரலும் சுருதியும் இருந்தால் போதும். உறுமியும் தவிலும் தாமே உரத்து ஒலிப்பவை. கூட்டத்துக்கான பெட்டிகளை மைக்குகளுக்கு முன்னால், ஆள் தலைக்கு மேலே உயர்த்தி வையுங்கள். கூட்டம் சேருமுன் ஒலியை மெல்ல ஏற்றிப் பாருங்கள். வீறிடத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துங்கள்.

இனி மின்சாரம். இப்பெட்டிக்குள் 230 வோல்ட் செல்கிறது. இரைச்சல் வருகிறதென்று மூன்று முள் பிளக்கில் நிலக்கம்பியை வெட்டிவிடுவோர் உண்டு. அது உயிருக்கே உலை. மழைச் சாரல் படாமலும், வெப்பம் வெளியேறும் பின்புறத்தைத் துணி மூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது மிக்சரை முதலிலும் பெட்டிகளை இறுதியிலும் போடுங்கள். முடிக்கும்போது பெட்டிகளை முதலில் அணையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்பதே எல்லை என்பர். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரந்தான். பிள்ளைகளைப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். கெட்ட செவி திரும்பாது.

மறு ஆண்டு அதே மாணவி அதே மேடையில் பாடினாள். காலடியில் ஒரு பெட்டி இருந்தது. அவள் தடுமாறவில்லை.